தோல் டாக்டர் பதில்கள்: முகத்தில் போட்ட ஊசி

சென்ற மாதம் முகச்சுருக்கத்துக்குப் போடும் ஊசிகளைப் பற்றி (தசையைத் தளர்த்தும் போடாக்ஸ், கோட்டையும் குழியையும் நிரப்பும் ஃபில்லர்) ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, கடைசியில் 'பெயர் போட வேண்டாம் டாக்டர்' என்று ஒரு வரி இருக்கிறது. சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் தைரியமாகப் பெயர் போட்டுக் கேட்கிறவர்கள் இதற்கு மட்டும் ஒளிந்துகொள்கிறார்கள். அழகுக்காகப் போய் வாங்கிக்கொண்டது என்ற கூச்சம். நான் திருச்சியில் 23 வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன், இந்த ஊசிகளை நானும் போடுகிறேன். ஊசியால் வந்த தொல்லையைவிட, அதை மறைத்து வைத்து நாள் கடத்தியதால் வந்த தொல்லையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே.

எனக்கு வயது 52. மகள் கல்யாணத்துக்கு 20 நாள் இருக்கும்போது புருவ நடுவில் உள்ள கோடுகளுக்குப் போடாக்ஸ் போட்டுக்கொண்டேன். ஆறாம் நாள் காலையில் எழுந்தால் இடது கண் பாதி மூடியிருக்கிறது. போட்ட இடத்தில் 'தானாகச் சரியாகும்' என்றார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை. வீட்டில் கண் வலி என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள்தான். கண் இப்படியே நின்றுவிடுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

நிற்காது அம்மா. இமை மேலே வந்துவிடும். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே கேள்வியோடு இன்னும் மூன்று பேர் காத்திருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஒரு தசையைச் சுருங்கச் சொல்ல வேண்டுமென்றால், நரம்பு தன் முனையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியே விட வேண்டும். ஒரு கிருமியின் நஞ்சை மிகச் சிறிய அளவில் எடுத்துச் செய்த போடாக்ஸ் அதை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. உங்கள் புருவ நடுவில் போட்ட மருந்தில் கொஞ்சம் கீழே கசிந்து, மேல் இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசையைத் தொட்டிருக்கிறது. அந்தத் தசை கெட்டுப்போகவில்லை, நரம்பும் சாகவில்லை. நரம்பு முனை தன்னைச் சரிசெய்துகொண்டதும் இமை எழும். நெற்றியில் இந்த மருந்து 3, 4 மாதம் வேலை செய்யும். இமைக்குப் போனது சொற்ப அளவு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 6 வாரத்தில் சரியாகிவிடுகிறது.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் கையாலேயே ஒருவருக்கு இப்படி ஆனது. வங்கியில் வேலை பார்த்தவர். புருவத்துக்குக் கீழே இருக்கும் எலும்பு விளிம்பிலிருந்து குறைந்தது 1 சென்டிமீட்டர் மேலே போட வேண்டும் என்பது விதி. நான் கொஞ்சம் கீழே போட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், ஒவ்வொரு சனிக்கிழமையும் வாருங்கள், அளந்து பார்ப்போம் என்று சொன்னேன். ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் போட்டோ. இரண்டாம் வாரம் மாற்றமே இல்லை. மூன்றாம் வாரம் அவர் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் போட்டோவில் தெரிந்தது. ஐந்தாம் வாரம் இரண்டு கண்ணும் சமம். கடைசி சனிக்கிழமை அவர் சொன்னார்: "இமை இறங்கினதுகூடப் பரவாயில்லை டாக்டர், நீங்க போன் எடுக்காம போயிருந்தா நான் உடைஞ்சு போயிருப்பேன்." உங்களுக்கு ஊசி போட்டவர் போனை எடுக்கவில்லை என்று படித்தபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, 12 நாளில் என்ன செய்யலாம்? முதலில் ஒரு கண் மருத்துவரிடம் போங்கள். போடாக்ஸ் போட்ட கதையை அப்படியே சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த மருந்தே கண் மருத்துவர்கள் கையிலிருந்து வந்ததுதான். மாறுகண்ணுக்காக இதை முதலில் பயன்படுத்தியவர் ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர். அங்கே 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான் அனுமதி கிடைத்தது. புருவக் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002-இல். ஆகவே அவர்களுக்கு இது புதிதல்ல.

அப்ராக்ளோனிடின் என்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. கண் அழுத்தத்துக்காக வந்தது. மேல் இமைக்குள் முல்லர் தசை என்று இன்னொரு சின்னத் தசை உண்டு. அது அசிட்டைல்கோலினை நம்பி வேலை செய்வதில்லை, அதனால் போடாக்ஸ் அதை முடக்குவதில்லை. சொட்டு விட்டதும் அந்தத் தசை சுருங்கி இமையை 1 முதல் 2 மில்லிமீட்டர் தூக்கும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால், பாவை மறைந்த கண்ணுக்கும் திறந்த கண்ணுக்கும் உள்ள வித்தியாசமே அந்த 2 மில்லிமீட்டர்தான். பலன் சில மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கல்யாணத்தன்று முதல் முறையாக விட வேண்டாம், ஒரு வாரம் முன்பே ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிலருக்குக் கண் சிவக்கும், உறுத்தும்.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். 'அந்தப் பக்கமும் ஒரு ஊசி போட்டால் சமமாகிவிடும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இதை முறிக்கும் ஊசி இருக்கிறதா என்று உங்களைப் போலவே ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். நரம்புக்குள் போய்விட்டதை வெளியே இழுக்காது.

சிலருக்கு இமை சரியாகத்தான் இருக்கும், புருவம்தான் கனத்து இறங்கியிருக்கும். விரலால் புருவத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கண் முழுதாகத் திறந்தால் பிரச்சினை புருவத்தில், நெற்றியில் போட்ட மருந்து கூடிவிட்டது என்று பொருள். அதற்குச் சொட்டு மருந்து அதிகம் உதவாது, பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இமை இறங்குவதெல்லாம் போடாக்ஸால்தான் என்று இருந்துவிடவும் கூடாது. ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தாலோ, கடுமையான தலைவலியோ, வாய் கோணலோ, கை பலவீனமோ சேர்ந்து வந்தாலோ அது வேறு நோய், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாயங்காலம் ஆக ஆக இமை இன்னும் இறங்கினால் தசைச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி போட்ட சில நாளில் விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் வந்தால் மருந்து உடம்பில் பரவியிருக்கலாம். அப்போது 108-ஐக் கூப்பிடுங்கள், மறுநாள் காலைக்கு என்று வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் 'கண் வலி' என்று சொன்னதை மகளிடமாவது மாற்றிச் சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் கண் வலி என்றால் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றுதான் நினைப்பார்கள். மணப்பெண்ணின் அம்மா பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள், நீங்களும் மகளைக் கட்டிப்பிடிக்க முடியாது.

(இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் இவரிடமிருந்து மறுபடி தகவல் வந்தது. முகூர்த்தம் காலை 6 மணிக்கு. 5 மணிக்குச் சொட்டு விட்டிருக்கிறார். மகளுக்கு விஷயம் தெரியும். போட்டோக்காரரிடம் 'அம்மாவை வலது பக்கத்திலிருந்து எடுங்க' என்று சொன்னதே மகள்தானாம்.)

இன்று மாலை ஒரு பார்லரில் மூக்கோரக் கோட்டுக்கு ஃபில்லர் போட்டேன். போடும்போதே பயங்கர வலி. இப்போது இரவு 10 மணி. மேலுதட்டிலிருந்து மூக்கு ஓரம் வரை வெளுத்து, நடுநடுவே ஊதா நிறத்தில் வலை மாதிரி இருக்கிறது. ஐஸ் வைக்கச் சொன்னார்கள். காலையில் சரியாகிவிடுமா? வயது 26. மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது.
– பெயர் வேண்டாம், சென்னை

இந்த மின்னஞ்சலைத் தற்செயலாக அன்றிரவே பார்த்த ஆசிரியர் குழுத் தோழி எனக்குப் போன் செய்தார். அவர் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். கடிதத்தில் இருந்த எண்ணில் கூப்பிட்டேன். அந்தப் பெண் குளியலறையில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்.

வெளுத்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கச் சொன்னேன். நல்ல தோலில் 2, 3 விநாடியில் ரத்தம் திரும்பி வந்து சிவக்கும். அவர் எண்ணினார், எட்டு வரை எண்ணியும் நிறம் வரவில்லை. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்திருக்கிறது, அல்லது வெளியிலிருந்து அழுத்துகிறது. ஐஸை எடுத்துவிடச் சொன்னேன். ஐஸ் குழாயை இன்னும் சுருக்கும், இந்த நிலையில் அது கூடாது. வெதுவெதுப்பான துணி வைக்கலாம். 'பார்வை எப்படி இருக்கிறது, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள்' என்றேன். பார்வை தெளிவாக இருந்தது. அப்புறம் கணவரை எழுப்பச் சொன்னேன். அதற்குத்தான் அவர் அதிகம் தயங்கினார்.

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இருவரும் போனார்கள். நள்ளிரவு தாண்டி ஹயலுரானிடேஸ் ஊசி போட்டார்கள். ஃபில்லரில் பெரும்பாலானவை ஹயலுரானிக் அமிலம் என்ற கூழ். அதைக் கரைக்கும் நொதி இது. கண்புரை அறுவை சிகிச்சையில் மரத்துப்போகும் மருந்தோடு காலங்காலமாகச் சேர்ப்பதும் இதுதான். நிறம் திரும்பும் வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. விடியும்போது தோல் இளஞ்சிவப்பாகிவிட்டது. மூக்கோரத்தில் மிளகளவு பக்கு தட்டி, இரண்டு வாரத்தில் உதிர்ந்தது. காலை வரை ஐஸ் வைத்துக் காத்திருந்தால் அந்த இடத்துத் தோல் கறுத்துச் செத்திருக்கலாம்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஃபில்லர் போட்டபின் சாதாரண வீக்கம் உண்டு, ரத்தக்கட்டு உண்டு. உதட்டில் போட்டால் இரண்டாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். ஆனால் வெளுப்பு, வலை போன்ற ஊதா, வீக்கத்துக்குப் பொருந்தாத வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் அது அவசரம். பார்வை மங்கினாலோ ஒரு பகுதி இருட்டினாலோ அதைவிட அவசரம். விழித்திரைக்கு ரத்தம் நின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். போட்டவரைப் போனில் தேடிக்கொண்டிருக்காமல் கண் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராக ஓடுங்கள். மூக்கு, புருவ நடு, நெற்றி, மூக்கோரக் கோடு ஆகிய இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். போடும் இடத்தில் ஹயலுரானிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 'அது எதுக்கு' என்று திருப்பிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணுக்குக் கீழே குழி என்று ஃபில்லர் போட்டு ஏழு மாதம் ஆகிறது. இப்போது குழி இல்லை, ஆனால் நீலம் பூத்த மாதிரி ஒரு மேடு. 'தூங்கலையா' என்று ஆபீஸில் தினமும் கேட்கிறார்கள். வயது 38.
– பெயர் வேண்டாம், கோவை

கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. கூழ் மேலாகத் தங்கிவிட்டால் அதில் படும் வெளிச்சத்தில் நீலம் அதிகமாகச் சிதறித் திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டலின் பெயரில் டிண்டல் விளைவு என்பார்கள். அது ரத்தக்கட்டு இல்லை, அதனால் எந்தக் களிம்பு தடவினாலும் போகாது. கூழ் தண்ணீரையும் இழுக்கும், அதுதான் காலையில் மேடு கூடுதலாகத் தெரியக் காரணம். 'ஒரு வருடத்தில் கரைந்துவிடும்' என்று சொல்லியிருப்பார்கள். கண்ணுக்குக் கீழே அசைவு குறைவு, பல வருடம் தங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மேலே சொன்ன அதே ஹயலுரானிடேஸை மிகச் சிறிய அளவில் போட்டுக் கரைக்கலாம். ஓரிரு நாளில் மேடு இறங்கும். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்களுக்குப் போட்டது ஹயலுரானிக் அமிலம்தானா என்று பில்லையோ அட்டையையோ பார்த்து உறுதி செய்யுங்கள். கால்சியம் கலந்த ஃபில்லர் இதில் கரையாது. இரண்டு, தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கிய அனுபவம் உண்டா? அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால் ஒவ்வாமை வரலாம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கரைத்த முதல் வாரம் குழி முன்பைவிட ஆழமாகிவிட்டதோ என்று தோன்றும். ஏழு மாதமாக மேட்டைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். ஒரு மாதம் எதையும் போடாமல் இருங்கள். அதற்குப் பிறகும் குழி உறுத்தினால் பேசுவோம்.

தாடை அகலம் குறைய இரண்டு கன்னத்திலும் போடாக்ஸ் போட்டேன். இப்போது சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறுகிறது. ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் கேமராவையே அணைத்து வைத்திருக்கிறேன். வயது 29, ஆண்.
– பெயர் வேண்டாம், சென்னை

மெல்லும் தசைக்கு முன்னால் உதட்டோரத்தை இழுக்கும் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது தம்பி. அதில் மருந்து பட்டிருக்கிறது. இதுவும் தற்காலிகம், சில வாரத்தில் படிப்படியாகச் சமமாகும். வாரம் ஒரு முறை மட்டும் சிரித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பத்து தடவை கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது, மனசுதான் சோரும். கேமராவைப் போடுங்கள். உங்களிடம் நெருக்கமாக இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

கன்னத்தில் ஃபில்லர் போட்டு ஒரு வருடம் கழித்து, வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு இரண்டு கன்னமும் கட்டிகட்டியாக வீங்கிவிட்டது. சம்பந்தம் உண்டா?
– பெயர் வேண்டாம், மதுரை

உண்டு. காய்ச்சலின்போது விழித்துக்கொள்ளும் நோய் எதிர்ப்பு, உள்ளே இருக்கும் கூழையும் அந்நியனாகப் பார்க்கத் தொடங்கும். பலருக்குத் தானாகவே அடங்கிவிடுகிறது. கட்டிகளை அமுக்கி உடைக்கப் பார்க்காதீர்கள். சூடும் சிவப்பும் வலியும் சேர்ந்திருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். நீங்களாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

என் மனைவிக்கு முகத்தில் ஊசி போட்டு உதட்டோரம் தழும்பாகிவிட்டது. போட்டவர் டாக்டரே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நான் அப்போதே வேண்டாம் என்றேன். அவர் அறையை விட்டே வருவதில்லை. எங்கே புகார் செய்வது?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

முதலில் தழும்பு. ஒரு தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ இந்த வாரமே பாருங்கள். புதுத் தழும்புக்குச் செய்ய முடிவது பழையதுக்குச் செய்ய முடிவதைவிட அதிகம்.

புகாருக்கு வேண்டியது காகிதம். பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, நாள்வாரியாகப் போட்டோ, முடிந்தால் மருந்துப் பெட்டியில் இருந்த பெயரும் பேட்ச் எண்ணும். டாக்டர் யாராவது சிகிச்சை தந்திருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது விதி. எழுத்தில் கேளுங்கள். தகுதியில்லாதவர் ஊசி போட்டதைப் பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம். தகுதி உள்ள டாக்டரின் கவனக்குறைவு என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மருந்தின் பக்கவிளைவை மட்டும் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அங்கே நோயாளியே பேசலாம், டாக்டர் வழியாகத்தான் என்றில்லை. ஒரே பேட்ச் மருந்தைப் பற்றிப் பல ஊரிலிருந்து தகவல் வந்தால்தான் போலி மருந்து கண்ணில் படும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'நான் அப்போதே வேண்டாம் என்றேன்' என்பதை அவர் காதில் விழும்படி இனி சொல்ல வேண்டாம். அதை அவர் உங்களைவிட அதிகத் தடவை தனக்குள் சொல்லியிருப்பார். மனுவை நீங்கள் எழுதுங்கள், ஆனால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம் முதல் ஊசி, எப்போது வலித்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.